பின்னந்தலை

சன்னல் வெயில் மேசைமேல் இருக்கும் களிமண் தலையில் பாதியைத்தான் தொடுகிறது. போரில் செத்தவனின் முகத்தை, சீருடைப் படத்தைப் பார்த்தே சிற்பி முடித்துவிட்டாள். பின்னந்தலைக்குத்தான் படம் இல்லை. எவன் பின்னந்தலையைப் படம் எடுக்கிறான்? அதனால் அவன் அம்மாவை வரவழைத்திருக்கிறாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலை தேய்த்துக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி இரண்டு கைகளாலும் மண்ணைத் தடவுகிறாள். "இந்தப் பக்கம் இன்னும் சப்பையா இருக்கும்மா. ஒரே பக்கமாப் படுத்துத் தூங்குவான், கழுதை." சிற்பி கட்டைவிரலால் அழுத்துகிறாள். "இப்போ?" அம்மாவின் கை அங்கேயே நின்றுவிடுகிறது. "இதேதான்." தலையில்தான் குண்டு பட்டது என்றார்கள். பெட்டியை ஆணியடித்துத்தான் அனுப்பினார்கள், தொட விடவில்லை. வேலை முடிந்த நிம்மதியில், பழக்க தோஷத்தில், சிற்பி மண் அறுக்கிற கம்பியை எடுத்துச் சிலையின் நெற்றிக்குமேல் வைக்கிறாள். "என்னம்மா பண்றே?" "மேல்பாகத்தை அறுத்து உள்ள இருக்கிற மண்ணை வழிச்சிடணும்மா. இல்லேன்னா சூளையில வெடிச்சிடும்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அம்மா அந்தத் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள், சேலையெல்லாம் சேறு. "சுட வேண்டாம்." "சுடாம விட்டா காஞ்சு விரிசல் விட்டுடும்மா." வாளியில் ஊறும் துணியை அம்மாவே எடுத்துப் பிழிகிறாள். காது மறையச் சுற்றி, தாடைக்குக் கீழே செருகுகிறாள். "ஈரம் காயாம இருந்தா போதும்ல? தினம் வந்து நனைச்சுட்டுப் போறேன்."