நீலத்தார் கல்லில் ஒரு சிவப்புக்காரன்

கயிற்றை ஷெம்ஸாவின் கையில் கொடுத்து, அமைச்சர் பேசி முடித்ததும் இழுத்தால் போதும் என்றார்கள்.

எதிரே, ஆலைக் கால்பந்து அணியின் மைதான வாசலில், ஆள் உயரத்துக்குக் கல் நின்றது. அதன்மேல் அணியின் நிறமான நீலத்தில் துணி போர்த்தியிருந்தார்கள். போரில் செத்துப்போன ஆலை அணி ஆட்டக்காரர்கள், ரசிகர்கள் பெயரெல்லாம் அந்தத் துணிக்குள் இருந்தன.

அவற்றில் ஒன்று அவள் புருஷன் ரஸிமின் பெயர்.

ரஸிம் ஆலை அணிக்காரனே அல்ல. அவன் ரயில்வே அணி. சிவப்பு.

அதுவும் சாதாரணச் சிவப்பா? முற்றுகையின்போது ஜன்னல்கள் நொறுங்கி, ஐ.நா.காரர்கள் பிளாஸ்டிக் தாள் கொடுத்தார்கள். அதில் நீல எழுத்து. எழுத்து தெருப்பக்கம் போகும்படி திருப்பிப் பிடித்து ஆணியடித்த பிறகுதான் காப்பிக்கொட்டை கிடைக்காமல் பருப்பை வறுத்துப் போட்ட காப்பியை வாயில் வைத்தான். குளிரில் சாகிறேன், அதற்காக நீலத்தைப் பார்த்துக்கொண்டா சாவது என்று கேட்டான்.

இரண்டு அணியும் மோதும் ஞாயிற்றுக்கிழமைகள் எவ்வளவு நன்றாக இருந்தன!

காலையிலேயே தெருவெல்லாம் சுட்ட இறைச்சி வாசனை. சட்டைப்பை நிறைய பூசணி விதையோடு ரஸிம் பாலத்தின் இந்தக் கரையில் நிற்பான். எதிர்வீட்டு ஃபிக்ரெட் நீலக் கூட்டத்தோடு அந்தக் கரையில் நிற்பான். ஒருத்தன் பரம்பரையை ஒருத்தன் விட்டுவைக்க மாட்டான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே மேசையில் குடித்துவிட்டு, தோளோடு தோள் தாங்கிக்கொண்டு வீடு வந்து சேருவார்கள். தோற்ற வீட்டில் அன்றைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்த ஞாயிறுகள் ஷெம்ஸாவுக்குத் திரும்ப வேண்டும். கூச்சலும் குடியும் சேர்த்தே வேண்டும்.

போரின் இரண்டாவது குளிர்காலத்தில், தண்ணீர் எடுக்கப் போன ரஸிம் பாலத்தருகே குண்டடிபட்டு விழுந்தான். தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவன் கழுத்தைப் பார்த்தார்கள். நீல மஃப்ளர் கிடந்தது. அட, நம்ம பையன் என்றார்கள். இந்த ஊரில் கழுத்தைப் பார்த்த பிறகு வேறு எதையும் கேட்கும் வழக்கமில்லை.

அப்படித்தான் அவன் பெயர் இந்தக் கல்லுக்கு வந்தது.

மஃப்ளர் எப்படி வந்தது என்பதுதான் அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடமாக அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. குளிருக்கு யாராவது போட்டுவிட்டார்களா? இல்லை, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் கட்சி மாறிவிட்டானா? கூடவே வாழ்ந்தவனை இவ்வளவுதான் புரிந்துவைத்திருந்தோமா என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் பெயரைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். சிவப்பு அணி போரோடு கலைந்துபோயிற்று. அதற்கு மைதானமும் இல்லை, கல் நட்டுவைக்க நாதியும் இல்லை.

இங்கேயோ, இனி ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னாலும் பெயர்களைக் கூப்பிடப் போகிறார்களாம். ஒவ்வொரு பெயருக்கும் மைதானம் முழுக்க எழுந்து நின்று, இருக்கான் என்று சொல்லுமாம்.

ரஸிம் இருக்கிறான் என்று ஊரே சொல்லிக் கேட்க அவளுக்கும் ஆசைதான்.

ஆனால் அவனுக்கு அடுக்குமா? நீலத்தார் வாசலில் நிற்பதற்கு, நாய் கால் தூக்கும் சுவரோரம் நிற்கலாம் என்று சொன்னவன் ஆயிற்றே. உயிரோடு இருந்தால் இந்தக் கல்லை அவனே கடப்பாறையால் பெயர்த்துப் போட்டிருப்பான்.

தலைநகர் சாரயேவோவிலிருந்து வந்திருந்த அமைச்சர், கடைசியாக ஒரு வார்த்தை என்று மறுபடியும் ஆரம்பித்தார். இனியும் தள்ளிப்போட முடியாது.

ஷெம்ஸா பக்கத்தில் திரும்பினாள். ஃபிக்ரெட் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான். எதிர்வீட்டுக்காரன் இப்போது ஆலை அணியின் தலைவன்.

"மனசு கேக்கல ஃபிக்ரெட். அவர் உங்க ஆளு இல்லன்னு உங்களுக்கே தெரியும். பேரை எடுத்துடச் சொல்லுங்க."

அவன் நிமிரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

"தெரியும் அண்ணி. அது என் மஃப்ளர். அன்னைக்குக் காலையில எங்க வீட்டு நிலவறையில, சாக்ஸைப் பந்தாச் சுருட்டி பெனால்டி அடிச்சோம். தோத்தவன் மஃப்ளரைக் கழட்டிக் குடுத்துடணும். என் கழுத்துலேருந்து உருவி மாட்டிக்கிட்டு, எங்க ஆளுங்க எல்லாரும் பாக்கட்டும்னு தண்ணிக்குப் பாலத்து வழியா சுத்திப் போனான், படுபாவி. கொல்லை வழியா போயிருந்தா வீடு வந்து சேந்திருப்பான். எல்லாரும் நம்ம ஆளுன்னு சொன்னப்ப, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஒரு சிவப்புக்காரனிடம் மஃப்ளரைப் பறிகொடுத்தவன் என்று தெரிந்தால், ஃபிக்ரெட்டை நாளைக்கே தலைவர் நாற்காலியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அது ஷெம்ஸாவுக்குத் தெரியும். அவனுக்கு அந்தப் பயம் மட்டும்தான் என்றால் இப்படி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்க மாட்டான் என்பதும் தெரியும்.

ரஸிம் மாறவில்லை. ஜெயித்த திமிரில், தண்ணீர்க் குடத்தை ஆட்டிக்கொண்டு, ஊர் பார்க்க நடந்து போயிருக்கிறான். அந்த நடையை அவள் எத்தனை ஞாயிறு மாலைகளில் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்!

அமைச்சர் பேசி முடித்துவிட்டார். எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள்.

"எத்தனைக்கு எத்தனை?" என்று மெல்லக் கேட்டாள் ஷெம்ஸா.

"அஞ்சுக்கு ஒண்ணு," என்றான் ஃபிக்ரெட். "அந்த ஒண்ணும் அவனா பாவம் பாத்து விட்டது."

அவள் கயிற்றை இழுத்தாள்.