குரலுக்கு ஆடிய ஆறு

"ஒண்ணு, ஆட்டம் இருக்கணும். இல்ல, பேச்சு இருக்கணும். ரெண்டையும் ஒரே மேடையில பூட்டினா நாடகம் குடைசாஞ்சிடும்யா!" என்றார் நாடகக் குழுத் தலைவர்.

"இன்னைக்கு ஒத்திகையை மட்டும் பாருங்க சார். ஒட்டலைன்னா என் பேச்சை மொத்தமா வெட்டிடுங்க" என்றார் அறிவிப்பாளர்.

அவருக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலை. தொண்டை கிழியக் கத்திவிட்டு வெளியே வந்தால், "இந்த பஸ் எங்கே போகுதுங்க?" என்று அவரிடமே வந்து கேட்பார்கள். "ஊரே காதுல வாங்காத குரல் என்னுது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் குரலை நாலு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற நப்பாசையில்தான், வெள்ளத்தில் போன படகோட்டியைப் பற்றிய ஒரு சிறுகதையை நாடகமாக மாற்றினார். பின்னணி இசை கிடையாது. ஓரமாக நின்று அவர் கதை சொல்லச் சொல்ல, நாட்டியம் படித்த அவர் மனைவி நடுமேடையில் ஆறாக ஆட வேண்டும்.

வீட்டில் அவர் வசனம் பேசிப் பார்க்கும்போதெல்லாம் காய் நறுக்கியபடியே தலையாட்டுவாள். ஒரு குறை சொன்னதில்லை. இப்படி ஒரு ரசிகை யாருக்கு வாய்ப்பாள் என்று இவர் பூரித்துப்போவார்.

ஒத்திகை தொடங்கியது. தலைவர் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அறிவிப்பாளர் பதறி ஒரு பத்தியை அப்படியே விழுங்கிவிட்டார். தொலைந்தோம் என்று மனைவியைப் பார்த்தார். அவளோ துளியும் தடுமாறவில்லை.

அந்தத் தைரியத்தில் அவள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பேச ஆரம்பித்தார். அவர் குரல் உயர்ந்தது. அவள் அலையாக எழுந்தாள். குரல் தணிந்தது, அவள் கைகள் மெல்ல இறங்கின. படகு கவிழ்ந்த இடத்தில் குரல் உடைந்தது. அவள் தரையோடு சரிந்தாள்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வார்த்தைக்கு வார்த்தை அந்தம்மா உடம்பு பதில் சொல்லுதேய்யா! இனிமே உன் பேச்சுல நான் கைவைக்க மாட்டேன்."

அறிவிப்பாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராக ஒப்பனை அறைக்கு ஓடினார். மனைவி அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா, என் குரல் உன்னை எப்படி ஆட்டிவச்சுதுன்னு! எந்த வரியில உனக்கு உடம்பு சிலிர்த்தது?"

பதில் இல்லை. உணர்ச்சியில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

அவரைக் கண்டதும் அவள் இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தாள். "என்னங்க, ஏதாவது சொன்னீங்களா?"

"பஞ்சா? அப்போ... நான் பேசினதுக்கு நீ ஆடலையா?"

"உங்க பேச்சைக் கேட்டா எனக்குக் காலு பின்னிக்குதுங்க. நான் பாட்டுக்கு ஆடினேன். நீங்கதான் என் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து வாயசைச்சீங்க, நான்தான் கவனிச்சேனே!"

அறிவிப்பாளர் அந்தப் பஞ்சை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அது சரி, எத்தனை நாளா இந்தப் பஞ்சு?"

அவள் அப்பாவியாகக் கேட்டாள்: "மேடையிலயா கேக்கறீங்க, வீட்லயா?"