மாடியிலிருந்து வந்த படம்

படம் மறுபடியும் நின்றது. திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

"அப்பா, திரும்பவும் நின்னுடுச்சு."

"மேல வாடா, என்னன்னு பார்ப்போம்" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

படங்கள் எல்லாம் மாடியில் அப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்தன. அங்கிருந்து வைஃபை வழியாகக் கீழே என் கேம் கன்சோலுக்கு வந்து டிவியில் ஓடவேண்டும். இந்த வாரத்தில் இது ஐந்தாவது தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினேன்.

"எல்லாத்தையும் கன்சோல்லயே ஏத்தி வச்சுட்டா இந்தத் தொல்லையே இல்லப்பா."

"ஒரே படம் எதுக்கு ரெண்டு இடத்துல? வீணா இடத்தை அடைக்கும்" என்றவர், மேஜைமேல் இருந்த இரண்டு கோப்பைகளில் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். ஆவி பறந்தது. "டீ ஆறிடப்போகுது, குடி. ஆபீஸ்ல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. முதல்ல படத்தைச் சரிபண்ணுங்க."

எதையோ தட்டினார். சரியாகிவிட்டது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு இறங்கினேன்.

மறுநாள் அவர் நடக்கப் போயிருந்தபோது, சொல்லாமல் பென்டிரைவில் படத்தை எடுத்து வந்து கன்சோலில் ஏற்றினேன். மாலையில் போட்டேன். அரை மணி நேரம் தடங்கலே இல்லை. இனி அந்த மாடிப்படிக்குப் பெரிய கும்பிடு என்று காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அப்போது மேலிருந்து குரல் வந்தது.

"என்னடா, படம் நின்னுடுச்சா? மேல வா."

திரையில் கதாநாயகன் ஓடிக்கொண்டுதான் இருந்தான். மாடியில் மேஜைமேல் கோப்பை வைக்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

நானே படத்தை நிறுத்தினேன்.

"ஆமாப்பா, நின்னுடுச்சு. இதோ வரேன்."