அவரவர் வாயால்

சமையலறைச் சுவரிலிருந்த நலப்பெட்டி, ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கொரு முறை கேட்கும் கேள்வியைக் கேட்டது: "ஜெபமணி அம்மா, உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது?"

துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அவள் கணவர் வேதமாணிக்கம் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். மனைவி சில மாதங்களாகப் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் பார்த்திருந்தார். உடம்பு சரியில்லை என்று அவரவர் முறை வரும்போது அவரவர் வாயால் சொன்னால்தான் பெட்டி சோதித்துப் பார்க்கும், ஆஸ்பத்திரிக்குச் சொல்லும். அடுத்தவர் பேச்சை அது ஏற்காது. கேள்வியோடு எரியும் அதன் விளக்கு அணைந்துவிட்டால் அவ்வளவுதான், இனி அடுத்த ஆண்டுதான்.

"முடியலன்னு சொல்லிரு, ஜெபா."

"எனக்கென்ன கேடு? இத்தன வருசமா சிகரெட்டு குடிக்கிற நீங்களே, போன மாசம் கேட்டப்ப கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னீய. அந்த வாடையே ஆகாத எனக்கு என்ன வந்திரப் போவுது?"

விளக்கு மங்கத் தொடங்கியது. அன்று அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு, மொட்டைமாடியில் போய் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தது அவருக்கு மட்டுந்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் சிகரெட்டைப் பிடுங்கிவிடுவாள் என்ற பயம்.

"நான் சொன்னது பொய், ஜெபா," என்றார். "எனக்கு ரொம்ப நாளா மூச்சு முட்டுது. நிமிந்து படுக்க முடியல."

ஜெபமணி அவரையே பார்த்தாள். பிறகு அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டு பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு முடியல. நெஞ்சு அடைக்குது. இவுகளுக்கும் முடியல, ரெண்டு பேரையும் பாருங்க."

"பதிவு செய்துகொண்டேன், ஜெபமணி அம்மா," என்றது பெட்டி. "நாளைக் காலை உங்களை அழைத்துப்போக வண்டி வரும். ஐயாவிடம் அடுத்த ஆண்டு கேட்கிறேன்."