பீரோவுக்கு முன்னால் ஒரு கூடு

ஏரியைத் தூர்த்துக் கட்டிய அந்தக் காலனியை மறுபடி ஏரியாக்கிவிடலாமா என்று கேட்டு, மாநகராட்சிக்காரர்கள் வீட்டுக்கொரு விஆர் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாட்டிக்கொண்டால் வீடு மறைந்து, அதே இடத்தில் நாளைய ஏரி தெரியும். ஒரு வாரம் பார்த்துவிட்டு ஓட்டுப் போட வேண்டும். சம்மதம் ஜெயித்தால் எல்லோரும் வேறெங்கோ அடுக்குமாடிக்குப் போக வேண்டியதுதான்.

சபாபதி கண்ணாடியைத் தொடவே இல்லை. "பாத்துப் பாத்துக் கட்டின வீடு. எனக்கே படம் காட்டுறானுங்க" என்றார். மழைக்கு மழை முழங்கால் தண்ணீர் ஏறும் வீடுதான் அது.

அவர் மனைவி கனகவல்லி மாட்டிப் பார்த்தாள். பீரோவுக்கு முன்னால், கோரைப்புல் நடுவே ஒரு நாமக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கண்ணாடி போடாதபோதும் அவள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள்.

"அங்க வெறும் தரைதான் இருக்கு, வல்லி."

"தெரியுதுங்க. கால் வர மாட்டேங்குது."

ஓட்டுக்கு முந்தின நாள் அவள் கடையிலிருந்து திரும்பியபோது, அலமாரியில் வைத்திருந்த கண்ணாடி சோபாவில் கிடந்தது. சபாபதி மும்முரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் அதை உருட்டிக்கொண்டு நேராகப் பீரோ பக்கம் வந்தார்.

சபாபதி பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து குறுக்கே நின்றார்.

"அந்தப் பக்கமா சுத்திப் போப்பா. குஞ்சு பொரிச்சிருக்கு."