பதினான்கு பை மேலங்கி

"உடம்புல மாட்டியிருக்கறதை எல்லாம் கழட்டி மேசையில வை, தைஸ்தோ. ஒண்ணுகூட விடாம."

யோர்மா இதைச் சொன்னது அன்று காலையில் மூன்றாவது முறை. குவோப்பியோ ஊரின் காட்டோரத்து ஏர்சாஃப்ட் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். விளையாட்டுத் துப்பாக்கியிலிருந்து பாய்கிற மிளகு அளவு பிளாஸ்டிக் குண்டு யார் மேல் பட்டாலும், பட்டவனே கையைத் தூக்கி, "பட்டுடுச்சு" என்று கத்திவிட்டு வெளியேற வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல நடுவரெல்லாம் கிடையாது.

தைஸ்தோ கத்துவதே இல்லை என்று புகார்ப் பெட்டியில் பெயர் போடாத சீட்டுகள் நான்கு விழுந்துவிட்டன. ஐந்தாவது விழுந்தால் சங்கத்தைவிட்டு நீக்கம். பதினான்கு வருட உறுப்பினர்.

அவன் ஏமாற்றுகிறவன் இல்லை என்று யோர்மாவுக்குத் தெரியும். கோளாறெல்லாம் அந்த மேலங்கியில். முன்னால் எட்டுப் பை, பின்னால் ஆறு. போன மாதம் அவன் சாய்ந்து நின்ற பிர்ச் மரம் இன்னும் நிமிரவில்லை. இதைத் தாண்டி ஒரு மிளகு எங்கே உறைக்கப் போகிறது?

"இது என்ன?"

"காபி ஃபிளாஸ்க் வைக்கற பை."

"அதுக்குப் பக்கத்துல?"

"அது கவிழ்ந்துட்டா குடிக்க, இன்னொரு ஃபிளாஸ்க்."

யோர்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். திசைகாட்டிக்கு மூன்று பைகள் இருந்தன. முதல் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாம். ஆடுகளமோ இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் கேட்கிற அளவு. காட்டு மான் வந்தால் விரட்ட ஒரு மணி. அதற்கும் ஒரு பை. ஒவ்வொன்றுக்கும் தைஸ்தோ வக்கீல் மாதிரி வாதாடினான். பெஞ்சில் இருந்த அவன் மனைவி ஹெல்வி வாதத்துக்கு வாதம் தலையாட்டியபடி, கழற்றிய பைகளை அளவு பார்த்து அடுக்கினாள்.

"நீயாவது சொல்லும்மா, ஹெல்வி. இன்னொரு சீட்டு விழுந்தா என்னால காப்பாத்த முடியாது."

"அவருக்கு எல்லாமே வேணுமாமே," என்றாள் ஹெல்வி.

ஒரு மணி நேரம் போயிற்று. யோர்மா கழற்றி வைத்ததை, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தைஸ்தோ எடுத்து மாட்டிக்கொண்டான். கடைசியில் பொறுமை போய், சங்கத்தின் தாளை இழுத்து எழுதினார்: இனி ஓர் இடுப்பு வார், இரண்டு குண்டுப் பெட்டி. அதற்கு மேல் ஒரு பை தொங்கினாலும் ஆட்டத்தில் இடமில்லை. கையெழுத்துப் போட்டு, மேசை அதிர முத்திரை குத்தினார்.

தைஸ்தோவின் முகம் தொங்கிப்போயிற்று. ஹெல்வி தாளை இரண்டு முறை படித்தாள். தலைவர் உத்தரவு, என்ன செய்வது என்று பெருமூச்சு விட்டு, பைகளை அள்ளிக்கொண்டு காருக்குப் போனாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், தைஸ்தோ யோர்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நீ நல்லா இருப்பே, யோர்மா. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஹெல்வி ஒரு பை தைச்சுக் குடுக்கறா, வேண்டாம்னு எந்த வாயால சொல்றது? வீட்டுல பையை உதறினா உள்ளேருந்து குண்டாக் கொட்டுது, அதனால புகார் பொய்னு அவளும் சொல்ல முடியாது... அந்த நாலு சீட்டையும் நான்தான் எழுதிப் போட்டேன்."