காலுக்கு ஒரு தலையணை

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ராக்கம்மாவைக் கிழிந்த கம்பூட்ஸைக் கழற்றக்கூட விடவில்லை அவள் புருஷன் சங்கிலி. கட்டிலில் படுத்தபடியே அதட்டினான்.

"ஏம்புள்ள, தலகாணி நழுவிக் கெடக்குது. காலு நெஞ்சுக்கு மேல இருக்கோணும்னு டாக்டர் சொன்னது மறந்து போச்சா?"

பூட்ஸோடு ஓடிவந்து அவன் காலைத் தூக்கி வைத்தாள். பேக்டரியில் நின்றே வேலை பார்த்ததில் அவனுக்குக் காலில் நரம்பு புடைத்துச் சுருளும் நரம்புச் சுருட்டு. கோயம்புத்தூரில் அந்த நரம்பை லேசர் வைத்து அடைத்து, இறுக்கமான சாக்ஸ் மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

"முத்தி வெடிச்சா வலியே தெரியாதாம், ரத்தம் மட்டும் கொட்டுமாம்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

திடீரென்று அலறினான். "புள்ள, கீழ ரத்தம். வெடிச்சுப் போச்சு. அமுக்கிப் புடி."

பதறிப்போய் சாக்ஸை உருவிப் பார்த்தாள். அவன் காலில் ஒன்றுமில்லை. ரத்தம் வாசலிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்து, அவளுடைய பூட்ஸில் முடிந்திருந்தது.

சங்கிலிக்கு உயிர் வந்தது. "அட, உன்ற காலா? அட்டை கடிச்சிருக்கும். சுண்ணாம்பு வெச்சுட்டு டீயைப் போடு."

ராக்கம்மா பூட்ஸைக் கழற்றினாள். கணுக்காலுக்கு மேலே, பல வருஷமாகப் புடைத்துக் கிடந்த நரம்பிலிருந்து ரத்தம் வழிந்தது.

"பொங்கலுக்கப்பறம் ஒரு சொட்டு மழையில்லீங்க. அட்டை எங்கிருந்து வரும்?"

தலைத்துணியால் இறுக்கிக் கட்டினாள். அவன் காலுக்கடியிலிருந்த தலையணையை உருவித் தரையில் போட்டு, தன் காலை அதன்மேல் வைத்துப் படுத்தாள்.

சங்கிலி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அப்ப டீ யாரு போடுவா?"